பன்னிரண்டே புடவைகள்!

“இந்த மோஸ்தரில் மொத்தம் பன்னிரண்டே புடவைகள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி நெய்யப்படமாட்டாது!”

இப்படி ஒரு சேதி கைபேசியில் வந்து விழாத வாரம் உங்களுக்கு உண்டா, சகோதரி? அதுவும் அடுப்பில் ரசம் நுரை கட்டுகிற நேரம் பார்த்துத்தான் வரும். படத்தைத் திறக்கிறீர்கள். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சளில் கரை, தலைப்பில் சின்னச் சின்ன ருத்திராட்சம். மனம் தறி நாடாவைப் போல் இங்குமங்கும் ஓடுகிறது. இன்றைக்கு வாங்காவிட்டால் நாளைக்கு இராதே என்று ஒரு கவலை. வாங்கினால் மளிகைக் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று இன்னொரு கவலை. இரண்டுக்கும் நடுவே, ‘பன்னிரண்டு என்கிறார்களே, மெய்யாகவே பன்னிரண்டுதானா?’ என்று ஒரு சந்தேகமும் எட்டிப் பார்க்கிறது. இதற்குள் ரசம் பொங்கி வழிந்துவிடுகிறது.

இந்தச் சேதியை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ரங்கநாதன் தெருவில் ஏழு மாடிக் கடை வைத்திருப்பவர்கள் அல்ல. இரண்டு தெரு தள்ளி இருக்கும் யாரோ ஒரு அக்காவாக இருக்கும். படுக்கையறை பீரோதான் அவருக்குக் கடை. கூடத்து ஜமக்காளம்தான் கல்லாப் பெட்டி. கைமுதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வளையல் இரண்டு வங்கியில் இருக்கிறது என்று மெதுவாகச் சொல்வார். யார் கண்டது? அந்த அக்கா நீங்களாகவேகூட இருக்கலாம்.

ஆகவே இந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் நின்று பார்க்க வேண்டும். இத்தனைதான் என்று முதலிலேயே எண்ணிக்கையை அறுதியிட்டு, அது தீர்ந்ததும் நிறுத்திவிடுகிற சரக்கைச் சிறு துணி வியாபாரிகள் விற்கலாமா? விற்றால் அவர்களுக்கு லாபமா? வாங்குகிற நமக்கு நியாயமா? நெய்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? ‘எண்ணிக்கைச் சரக்கு’ என்று இதற்கு நாமே ஒரு பெயர் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

முதலில் ஒன்று. இது ஏதோ நேற்று வந்த நூதன வியாபார தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். கைத்தறிக்கு இது பிறவிக் குணம்.

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஒரு பாவு ஏற்றினால் அதில் சாதாரணமாக இரண்டு மூன்று புடவைகள்தான் வரும். அதோடு அந்தப் பாவு முடிந்தது. அடுத்த பாவை ஏற்ற வேண்டுமானால், பழைய பாவின் நுனி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். நூறு இருநூறு இழை அல்ல, ஆயிரக் கணக்கில். கோர்வைக் கரைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பெரும்பாலும் அந்தத் துணையாள் வீட்டு அம்மாள்தான் என்பதையும், அவருடைய கூலி என்று தனியாக எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

சாயத்தின் கதையும் அப்படியே. இன்று ஒரு தொட்டியில் தோய்த்த அரக்கும் அடுத்த மாதம் அதே கணக்கில் சாயம் கலந்து தோய்த்த அரக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்காள் தங்கை போல இருக்குமே தவிர, இரட்டைப் பிள்ளைகள் போல இராது. தண்ணீர் மாறும், வெயில் மாறும், தோய்க்கிற கை மாறும். எனவே, “இதே போல இன்னொன்று கொடுங்கள்” என்று கைத்தறிக்காரரிடம் கேட்டால் அவர் தலையைச் சொறிவதில் ஆச்சரியம் இல்லை.

விசைத்தறியும் மில்லும் வந்த பிறகுதான் ஒரே அச்சில் நூறு, ஆயிரம் என்று துணி வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் ‘இத்தனைதான் இருக்கிறது’ என்பது ஒரு விளம்பர வாசகமாக மாறிற்று. இந்த வேற்றுமையைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தறி போட்ட எல்லை ஒன்று. வியாபாரி போடுகிற எல்லை ஒன்று.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பால் கணக்கைவிடச் சுலபம்.

ஓர் அம்மாள் ஒரே ரகத்தில் நூறு பருத்திப் புடவை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக எடுப்பதால் ஒன்று 800 ரூபாய். ஆக 80,000 ரூபாய் முதல். 1,200 ரூபாய் விலை வைத்து விற்கிறார். அறுபது புடவைகள் மளமளவென்று போகின்றன. அதற்குள் அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதையே கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டார்கள். அறுபத்தோராவது ஆள் அதை வாங்குவாரா? மீதி நாற்பதும் பீரோவில் தூங்கி, ஆடித் தள்ளுபடியில் 600 ரூபாய்க்குப் போகின்றன. வந்த பணம் 96,000. லாபம் 16,000 என்று தோன்றும். வளையலுக்கு வருஷ வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால் 9,600 போயிற்று. கையில் நிற்பது 6,400 ரூபாய். ஒரு வருஷ உழைப்புக்கு!

இன்னொருவர் இருபதே புடவைகள் நெய்யச் சொல்கிறார். கொஞ்சமாகச் செய்வதால் ஒன்று 900 ரூபாய் ஆகிறது. முதல் 18,000. விலை 1,250. இருபதும் விற்றால் 7,000 லாபம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அதே பணத்தைத் திருப்பிப் போடுகிறார். வருஷத்தில் ஆறு தடவை. ஆறும் ஜயிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு நன்றாகப் போயின. இரண்டில் பாதிதான் விற்று, மீதி 600 ரூபாய்க்குத் தள்ளினார் என்று வைத்துக்கொண்டாலும், மொத்த லாபம் 29,000. வட்டி 2,160. மீதி 26,840 ரூபாய்.

‘அடேயப்பா!’ என்று உடனே வளையலைக் கழற்றாதீர்கள். ஆறு தடவை நெசவாளர் ஊருக்குப் போய் வர வேண்டும். ஆறு தடவை நிறம் யோசிக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், பொட்டலம் கட்ட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் 1,500 ரூபாய் இதற்கென்று வைத்தால் 9,000 குறைந்துவிடும். அப்படியும் முன்னவரைவிட இவர் மேல். அதைக் காட்டிலும் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: முன்னவருடைய முதல் மொத்தமும் ஒரே மோஸ்தரில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த நிறம் பிடிக்கவில்லை என்று ஊர் சொல்லிவிட்டால் அவர் எங்கே போவார்?

ஊர் அப்படிச் சொல்லும். ‘பூவே பூச்சூடவா’ 1985-ல் வந்தபோது நதியா கம்மல், நதியா வளையல் என்று கடைத்தெருவெல்லாம் நதியா மயமாக இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த மோகம் போனது எப்போது என்று யாராவது தேதி சொல்ல முடியுமா? வருகிறபோது மேளம் கொட்டிக்கொண்டு வரும். போகிறபோது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடும். பெரிய கடைக்காரர் அதைத் தாங்குவார். அவருக்கு ஆடி மாதம் என்று ஒன்று இருக்கிறது. மிஞ்சின சரக்கைக் குவித்துப் போட்டு, தள்ளுபடி என்று பெயர் வைத்து, நம்மையே கூட்டம் போட வைத்துவிடுவார். சின்னவருக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. பீரோ நிறைந்தால் வியாபாரம் நின்றது.

ஆகவே சிறு வியாபாரிக்கு எண்ணிக்கைச் சரக்கு தோதானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதில்தான்.

இதில் ஒரு சூட்சுமத்தை இத்தாலியில் ஒரு குடும்பம் கண்டுபிடித்தது. ஜூலியானா பெனட்டன் என்ற பெண், பகலில் வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டில் கம்பளிச் சட்டைகள் பின்னினார். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அவர் பின்னியவற்றை அண்ணன் லூச்சியானோ விற்றார். பழைய பின்னல் இயந்திரம் ஒன்று வாங்குவதற்காக அந்த அண்ணன் தம்முடைய அக்கார்டியன் வாத்தியத்தையே விற்றாராம். 1965-ல் கம்பெனியாகப் பதிவு செய்தார்கள். பிற்பாடு அவர்கள் செய்த காரியம்தான் நமக்கு வேண்டியது. எல்லாரும் நூலுக்குச் சாயம் போட்டுப் பிறகு பின்னிக்கொண்டிருந்தபோது, இவர்கள் சாயம் போடாமலே சட்டையைப் பின்னி வைத்துக்கொண்டு, அந்தப் பருவத்தில் எந்த நிறம் ஓடுகிறது என்று பார்த்து, அதன் பிறகு சட்டைக்குச் சாயம் போட்டார்கள். சிவப்பு கேட்டால் சிவப்பு. பச்சை கேட்டால் பச்சை. கேட்காத நிறத்தில் ஒன்றுகூட மூலையில் கிடக்காது.

நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், மாவை அரைத்து வைத்துக்கொண்டு, வந்தவர் கேட்டதைப் பார்த்து இட்லியா தோசையா என்று முடிவு செய்கிற வித்தை. இதைத் தெரிந்துகொள்ள இத்தாலி போக வேண்டியதில்லைதான்!

நம் ஊர்த் துணிகளில் இதற்கு இடம் நிறைய இருக்கிறது. மதுரைச் சுங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டு, பிறகுதான் சாயத்தில் தோய்க்கிறார்கள். வெள்ளைப் புடவைகளை இருப்பில் வைத்துக்கொண்டு, எட்டு எட்டாக வேண்டிய நிறத்தில் போட்டுக்கொள்ளலாம். மர அச்சுத் துணிக்கு அச்சை ஒரு தடவை செதுக்கிவிட்டால் பல வருஷம் வரும். அதே அச்சில் நீலம் பத்து, காவி பத்து என்று மாற்றிக்கொண்டே போகலாம். தறியிலும் வழி இருக்கிறது. பாவு ஒன்றே, ஊடை நூலின் நிறத்தை மாற்றினால் புடவையின் உடல் நிறமே வேறாகிவிடும். நீலப் பாவில் சிவப்பு ஊடை ஓடினால் அசைவுக்கு அசைவு நிறம் மாறுகிற புடவை; அதே பாவில் நீலமே ஓடினால் அடக்கமான ஒற்றை நிறம். தலைப்பையும் மாற்றிக்கொள்ளலாம். நெசவாளருக்குப் பாவு மாற்றுகிற கஷ்டம் இல்லை. உங்களுக்கு ஒன்றைப் போல ஒன்று இல்லாத புடவைகள்.

மாறாக, புதுப் பூ வேண்டும், புதுக் கரை வேண்டும் என்று ஜக்கார்டு அட்டையையே மாற்றச் சொன்னால் செலவு வேறு. அட்டை அடிக்கிற கூலி மூன்று புடவைக்கும் ஒன்றுதான், முப்பது புடவைக்கும் ஒன்றுதான். மூன்றே புடவைமேல் அதை ஏற்றினால் விலை கழுத்தை நெரிக்கும். அச்சடித்த பனியன் சட்டைக்கும் இதே சட்டம். நிறத்துக்கு ஒரு சட்டகம் வேண்டும். நான்கு நிறப் படம் என்றால் நான்கு சட்டகம். இருபது சட்டைக்கு நான்கு சட்டகம் செய்வது, ஒரு படி அரிசிக்கு அண்டா ஏற்றுகிற மாதிரி. ஒரே நிறத்தில் அழகாக ஒரு படம் போட்டால் போதாதா?

தைத்த உடைகளில் ஒரு தனித் தொல்லை உண்டு. அதுதான் அளவு. இருபது குர்த்தா தைக்கிறீர்கள்; ஐந்து அளவில் நான்கு நான்கு. நடு அளவு நான்கும் இரண்டே நாளில் போய்விடும். அப்புறம் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் நடு அளவுக்காரர்களாகவே இருப்பார்கள். மிகச் சிறிய அளவு நான்கும் உங்கள் பெண் வளர்ந்து காலேஜுக்குப் போகிறவரை பீரோவில் இருக்கும். துணியை எண்ணிக்கையாக வாங்கி வைத்துக்கொண்டு, அளவு கேட்டுத் தைத்துக் கொடுப்பதுதான் இதற்கு மருந்து. பத்து நாள் தாமதமாகும். “பத்து நாளாகும், அக்கா” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

சரி, இனி அந்தச் சந்தேகத்துக்கு வருவோம். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதானா?

பன்னிரண்டும் ஒரே நாளில் விற்றுவிட்டன. பதின்மூன்றாவதாக ஒருவர் கேட்கிறார். “எப்படியாவது ஒன்று நெய்யச் சொல்லுங்கள். நூறு ரூபாய் அதிகமாகவே தருகிறேன்.” பிறகு ஐந்து பேர் கேட்கிறார்கள். பிறகு பதினைந்து பேர். நெசவாளரிடம் நூல் மீதி இருக்கிறது. இந்த இடத்தில் கை நடுங்காத வியாபாரி யார்? “மறுபடி வந்துவிட்டது!” என்று ஒரு சேதி போட எவ்வளவு நேரமாகும்?

போட்டால் பதினைந்தும் விற்கும். ஆனால் முதல் பன்னிரண்டு பேரையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவராவது, மகளின் பள்ளிச் சம்பளத்துக்காக எடுத்து வைத்த பணத்தில், ‘இனிமேல் கிடைக்காதாமே’ என்று பயந்து வாங்கியிருப்பார். அடுத்த மாதம் அதே புடவை அதே விலைக்கு எதிர்வீட்டில் காய்வதைப் பார்த்தால் அவர் மனம் என்னவாகும்? வாய் விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அடுத்த சேதி வரும்போது ரசத்தைத்தான் கவனிப்பார்.

இது வெறும் மனஸ்தாபத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி சில விதிகளை வெளியிட்டது. வலைக்கடைகளில் வாங்குகிறவரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்கள் அதில் பட்டியலாக இருக்கின்றன. முதலாவதாக இருப்பது எது தெரியுமா? பொய் அவசரம்! சரக்கு தாராளமாக இருக்கையில் தீரப்போகிறது என்றும், கேட்பவர் இல்லாதபோது கூட்டம் மொய்க்கிறது என்றும் சொல்லி வாங்க வைப்பது. மேடை நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், விற்கிறவர் எல்லாருக்கும் இது பொருந்தும். ‘இரண்டே இரண்டு பாக்கி’ என்று மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஓடுகிற சரக்கை நிறுத்திவிட்டு, வருகிற லட்சுமியை வாசலிலேயே திருப்பி அனுப்புவதா? வேண்டாம். வாக்குறுதியை அளந்து கொடுத்தால் போதும். இதற்குக் காஞ்சிபுரத்திலேயே ஓர் அழகான உதாரணம் இருக்கிறது.

எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மாளுக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் ஒரு நீல நிறப் பட்டை நெய்வித்துக் கொடுத்தார். கச்சேரி மேடையில் அதைப் பார்த்த பெண்மணிகள் சும்மா இருப்பார்களா? ‘எம்.எஸ். புளூ’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எம்.எஸ். அம்மாள் 2004-ல் மறைந்தார். அந்த நிறம் மறையவில்லை. இன்றும் பட்டுக் கடையில் போய் எம்.எஸ். புளூ என்று சொன்னால் எடுத்துப் போடுவார்கள். ஒருவருக்காகப் பிறந்தது ஊருக்கெல்லாம் நிரந்தரச் சரக்காயிற்று. ‘இந்த நிறத்தை இனி நெய்யவே மாட்டேன்’ என்று முதலில் யாராவது சத்தியம் செய்து கொடுத்திருந்தால் எத்தனை கல்யாணப் பெண்கள் ஏமாந்திருப்பார்கள்!

ஆகவே, “இந்த நிறம், இந்தக் கரை, இந்தத் தலைப்பு மூன்றும் சேர்ந்த புடவை பன்னிரண்டுதான்” என்று சொல்லுங்கள். அதை மீறாதீர்கள். மறு தடவை அதே மயில் கழுத்தில் வேறு கரை வரலாம். அதே கரை வேறு நிறத்தில் வரலாம். முதலில் வாங்கியவருடைய புடவை அவருடையதாகவே இருக்கும். பிறகு வந்தவரும் வெறுங்கையோடு போகமாட்டார்.

எண்ணிக்கையைக் காட்டி ஆசை மூட்டுவதையே முழுத் தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் 1994-ல் ‘சுப்ரீம்’ என்று ஒரு கடை பிறந்தது. சறுக்குப் பலகை ஓட்டும் பையன்களுக்கான சட்டை, தொப்பிக் கடை. வியாழக்கிழமை தோறும் புதுச் சரக்கு, அதுவும் கொஞ்சமே. அதற்காகக் கடை வாசலில் வரிசை நிற்கும். ஆனால் வரிசையில் நின்றவர்களில் பலர் உடுத்துவதற்கு வாங்கவில்லை. மறுநாள் அதிக விலைக்கு விற்பதற்கே வாங்கினார்கள்! 2020-ல் ஒரு பெரிய கம்பெனி அந்தக் கடையை 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் 150 கோடிக்கு இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டது. கோடிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம் படுக்கையறை பீரோவுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. உடுத்துகிறவளைத் தேடுங்கள், பதுக்குகிறவளைத் தேடாதீர்கள். ஒருவருக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு என்று வைத்துக்கொண்டால் இந்த வம்பு வராது.

மற்றொன்று, குறையை மறைக்காமல் சொல்வது. 1950-களின் கடைசியில் நம் மெட்ராஸ் கட்டத் துணி அமெரிக்காவுக்குப் போயிற்று. துவைத்தால் சாயம் போகும் துணி. சட்டை வாங்கியவர்கள் முதலில் சண்டைக்கு வந்ததாகச் சொல்வார்கள். பிறகு, சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்தார்கள். துவைக்கத் துவைக்கக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, ஒருவர் சட்டை மாதிரி இன்னொருவர் சட்டை இராது. அதற்காகவே கேட்டு வாங்கினார்கள். (நம் வீட்டில் வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம்.) கைத்தறியில் நிறம் ஒரு மாற்றுக் கூடக் குறைய இருக்கும், நூலில் சிறு முடிச்சு தெரியும், படத்தில் காண்பதற்கும் நேரில் காண்பதற்கும் வித்தியாசம் இருக்கும். இவற்றை ஒரு சீட்டில் எழுதிப் புடவையோடு வையுங்கள். பணம் வாங்குமுன்பே வாயாலும் சொல்லுங்கள்.

நெய்கிறவருடைய பக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது. ‘நாலே புடவை நெய்து கொடுங்கள், பிடித்தால் மேலே பார்க்கலாம்’ என்று கேட்பது நமக்குச் சௌகரியம். அவருக்கு? பாவு மாற்றுகிற நாள், அட்டை மாற்றுகிற நாள், புது நிறத்துக்குச் சாயக்காரரிடம் அலைகிற நாள் எல்லாம் தறி சும்மா நிற்கிற நாட்கள். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குத் தறி நின்றால் அடுப்பும் நின்றது. நம்முடைய பயத்தைக் குறைத்துக்கொள்ள, அதை அப்படியே அவர் தலையில் இறக்கி வைக்கிறோம். எண்ணிக்கைச் சரக்கில் நான் காண்கிற பெரிய அநியாயம் இதுதான். வெளியே தெரியாத அநியாயம். ‘நெசவாளர்களை வாழவைக்கிறோம்’ என்று படத்தின்கீழ் எழுதிக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

ஆகவே முன்பணம் கொடுங்கள். மாற்றுகிற நாளுக்கும் கூலி சேர்த்துப் பேசுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல், வருஷத்துக்கு இத்தனை பாவு என்று ஒரே குடும்பத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மோஸ்தர் மாறட்டும், தறி மாற வேண்டாம். இதனால் விலை 75 ரூபாய், 100 ரூபாய் ஏறினால் ஏறட்டும். வாங்குகிறவரிடம் காரணத்தைச் சொல்லலாம். கூலிக்காக ஏறின விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் நாம் நினைக்கிற அளவு அதிகம் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, முதல் முழுவதையும் எண்ணிக்கைச் சரக்கிலேயே போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. மாதா மாதம் புதுசு யோசித்து யோசித்து மூளை வற்றிவிடும். ஒரு தடவை தவறினால் அந்த மாதம் பட்டினி. தவிர, எப்போதும் வருகிற வாடிக்கைக்காரர் கேட்பது என்ன? உள்பாவாடை, ரவிக்கைத் துணி, நைட்டி, வீட்டில் கட்ட ஒரு சாதாரணப் புடவை. “அதெல்லாம் இல்லை, அபூர்வச் சரக்குத்தான் இருக்கிறது” என்றால் அவர் அடுத்த தடவை வரமாட்டார். கல்யாண வீட்டுக்காரர் வேறு இருக்கிறார். நாத்தனார், ஓர்ப்படி, அத்தை, சித்தி என்று பதினைந்து பேருக்கு ஒரே மாதிரி புடவை கேட்பார். அவருக்குப் பன்னிரண்டு போதாது. ஒன்றைப் போல ஒன்று இல்லாததும் உதவாது. என் அபிப்பிராயம், முதலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணிக்கைச் சரக்கில் போக வேண்டாம். மீதி இரண்டு பங்கு தினசரிச் சரக்கு. லாபம் சொற்பம்தான், ஆனால் வாசல் கதவு திறந்தே இருக்கும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு எண்ணிக்கை எவ்வளவு என்று ஒரு கேள்வி. உங்களிடம் நிச்சயமாக வாங்குவார்கள் என்று பெயர் சொல்லக் கூடியவர்களை ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். உறவுக்காரர்கள் முகத்துக்காக வாங்குவார்கள்; அவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி எத்தனை பெயரோ அதில் பாதி நெய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு புடவைக்கும் நம்பர் போடுங்கள்: பன்னிரண்டில் ஐந்து, பன்னிரண்டில் ஆறு என்று. நம்பர் போட்டுவிட்டால் பதின்மூன்றாவது புடவைக்கு ஆசைப்பட உங்கள் கையே கூசும். பதின்மூன்றாவதாக வருகிறவருடைய பெயரையும் அவர் கேட்ட நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது போகாமல் நின்றால் அதை நீங்களே கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் வாருங்கள்.

தீபாவளிக்குச் செய்வதாக இருந்தால் ஆனி முடிவதற்குள் நெசவாளரைப் பார்த்துவிட வேண்டும். நூலுக்குச் சாயம் போட்டு உலர்த்துவதற்கும், தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்ப்பதற்கும் வெயில் வேண்டும். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், நீங்கள் எத்தனை சேதி அனுப்பினாலும் பாவு காயாது.